கோயம்புத்தூர் பட்டணமா?

"கோயம்புத்தூரா? அது பட்டணமே இல்லை ஐயா, ஒரு பெரிய கிராமம்" என்று சொல்லுகிறவர்கள் இரண்டு வகை. சென்னையிலிருந்து போய் நாலு நாள் தங்கிவிட்டுத் திரும்பியவர்கள் கொஞ்சம் இளப்பமாகச் சொல்லுகிறார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் அதே வார்த்தையைப் பெருமையாகச் சொல்லுகிறார்கள். இகழ்கிறவனும் புகழ்கிறவனும் ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருப்பதால் அதில் உண்மை இருக்கத்தான் வேண்டும் என்று மற்றவர்கள் விட்டுவிடலாம். கதை எழுதுகிறவன் விட்டுவிட முடியாது. அந்தக் கிராமம் ஊருக்குள் எங்கே இருக்கிறது, அதனால் சுகப்படுகிறவர் யார், அதன் பாரத்தைச் சுமக்கிறவர் யார் என்று கேட்காமல் அந்த ஊரைப் பற்றி அவன் ஒரு பக்கம் எழுதினாலும் பொய்யாகப் போய்விடும். கொங்கு நாட்டு நாவல்களைச் சேர்த்து வைத்துப் படித்தபோது, நம் எழுத்தாளர்கள் இந்தக் கேள்விக்குச் சொன்ன பதிலும் சொல்லாமல் விட்ட பதிலும் எனக்குச் சுவாரசியமாகப் பட்டன. அதைப் பற்றிச் சிறிது பேசலாம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஜனத்தொகையால் ஒரு ஊர் பட்டணம் ஆகிவிடுவதில்லை. 1901 கணக்கெடுப்பில் கோவையில் இருந்தவர்கள் சுமார் 53,000 பேர். 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் பத்தரை லட்சம். அதே 2011இல் மதுரையும் ஏறக்குறைய அதே அளவுதான். மதுரையை யாராவது பெரிய கிராமம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? தஞ்சாவூர் கோவையில் கால்வாசிகூட இல்லை; அதையும் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். மதுரையில் கோயிலைச் சுற்றி வீதி, அந்த வீதியைச் சுற்றி இன்னொரு வீதி என்று ஊர் முழுவதும் ஒரு நடுவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அரசனும் ஆண்டவனும் சேர்ந்து கட்டிய ஊர் அது. பகலில் ஒரு கடைத்தெரு, இரவில் ஒரு கடைத்தெரு என்று சங்க காலத்திலேயே பாட்டில் ஏறிவிட்ட ஊர்.

கோவைக்கும் கோனியம்மன் உண்டு. மாசியில் தேர் உண்டு. தேர் ஓடுகிற ராஜ வீதியும் ஒப்பணக்கார வீதியும் உண்டு. ஆனால் அந்த நாலு வீதிகளைத் தாண்டிவிட்டால் ஊர் வேறு. பீளமேடு, சிங்காநல்லூர், கணபதி, உப்பிலிபாளையம், வடவள்ளி, குனியமுத்தூர் என்று பட்டணத்தின் ஒவ்வொரு பேட்டையும் ஒரு காலத்தில் தனிக் கிராமம். 1981இல் மாநகராட்சி ஆனபோது எல்லையைக் காகிதத்தில் இழுத்தார்கள். அதற்காக எந்தக் கிராமமும் தன் மாரியம்மனைப் பக்கத்துக் கிராமத்து மாரியம்மனோடு சேர்த்துவிடவில்லை. நோம்பி தனி, சாட்டு தனி. ஊர் நடுவில் இருக்கிற உக்கடம் பெரியகுளமும் வாலாங்குளமும் உலாவுவதற்கு வெட்டியவை அல்ல. நொய்யல் தண்ணீரைத் தேக்கி வயலுக்குப் பாய்ச்ச வெட்டியவை. வயல் போய்விட்டது, குளம் நிற்கிறது. குளத்தைச் சுற்றி இன்று நடைபாதை போட்டு விளக்கும் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஊரின் கிராமத்தனத்துக்குச் சாதாரணமாகச் சொல்லுகிற காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. "ஏனுங்க", "வாங்க", "சொல்லுங்க" என்று குழந்தையைக்கூடக் கூப்பிடுகிற மரியாதை. அரிசியும் பருப்பும் போட்டு ஆக்கிய சோறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று. சிறுவாணித் தண்ணீர். இதெல்லாம் உண்மைதான். ஆனால் இவை பூவும் இலையும். வேர் எங்கே என்று பார்க்க வேண்டுமானால் பணம் எங்கிருந்து வந்தது, வேலைக்கு வந்த ஆள் ராத்திரி எங்கே போய்ப் படுத்தான் என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

பணம் மண்ணிலிருந்து வந்தது. மழை குறைந்த சீமை. கிணறு வெட்டி, கவலை ஓட்டி, பறியால் தண்ணீர் இறைத்துக் கருமண்ணில் பருத்தி விளைவித்த குடியானவர்கள் இவர்கள். 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதல் மில்லை வைத்தார். அவர் வெள்ளைக்காரர். ஆனால் அவருக்குப் பிறகு, முக்கியமாக 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிய மில்களில் பலவற்றை வைத்தவர்கள் பருத்தி விளைவித்த அல்லது பருத்தி வாங்கி விற்ற உள்ளூர்க் குடும்பத்தார். பீளமேட்டில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் பிள்ளைகள் நால்வரும் 1926இல் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவதைத் தர்மத்துக்கு என்று எழுதிவைத்தார்கள். தர்மத்தையும் ஒரு பங்காளியாகச் சேர்த்துக்கொண்டது பாகப் பிரிவினை தெரிந்த குடியானவன் புத்தி. அந்த ஐந்தாவது பங்கு இன்று கல்லூரிகளாகவும் ஆஸ்பத்திரியாகவும் நிற்கிறது.

பைக்காரா மின்சாரம் மில்லுக்கு மட்டும் போகவில்லை, கிணற்றுக்கும் போயிற்று. இதுதான் கோவையின் சரித்திரத்தில் முக்கியமான இடம் என்று நினைக்கிறேன். கிணற்றுக்கு மின்சாரம் வந்தால் மோட்டார் வேண்டும், பம்பு வேண்டும். சூலூருக்குப் பக்கத்துக் கலங்கல் கிராமத்துப் பிள்ளை ஜி.டி. நாயுடு 1937இல் மோட்டார் செய்தார். இந்தியாவிலேயே செய்த முதல் மோட்டார் என்று அதைச் சொல்லுவார்கள். அதிலிருந்து தெருத் தெருவாக வார்ப்படப் பட்டறைகள் முளைத்தன. 1955இல் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மின்சாரம் கொடுத்து மாவரைக்கிற கிரைண்டரைக் கொண்டுவந்தார். 1912இல் அமைந்த கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த கரும்பு ரகங்களெல்லாம் "கோ" என்று ஊர்ப் பெயரைத் தாங்கிப் பல தேசத்து வயல்களில் நின்றன. இந்த ஊர் செய்கிற பொருள்களைப் பாருங்கள்: கிணற்றுக்குப் பம்பு, அடுக்களைக்கு ஆட்டுக்கல், வயலுக்குக் கரும்பு, பருத்தியிலிருந்து நூல். மற்றப் பட்டணங்கள் கிராமத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பணம் பண்ணின. கோவை கிராமத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு பண்ணிற்று.

வேலைக்கு வந்த ஆள் எங்கே படுத்தான் என்பது இரண்டாவது கேள்வி. பம்பாய் மில்லுக்கு வந்த கொங்கணத்துக்காரன் ஊரையும் பெண்டு பிள்ளைகளையும் விட்டு வந்தான். ஒரே அறையில் பத்துப் பேராகச் சாலில் படுத்தான். ஊரை இழந்த அந்த ஏக்கத்திலும் கூட்டத்தில் கிடைத்த தோழமையிலும் ஒரு புது மனிதன் உண்டானான். அவனிடமிருந்து நாராயண் சுர்வே போன்ற மராத்திக் கவி பிறந்தார். கோவை மில்லுக்கு வந்த ஆள் பெரும்பாலும் சுற்றுக் கிராமத்து ஆள். காலையில் சங்கு ஊதுவதற்கு முன் நடந்தோ சைக்கிளிலோ வந்தான். ஷிப்டு முடிந்ததும் அதே வழியில் வீட்டுக்குப் போனான். வீட்டில் ஓர் எருமையோ நாலு ஆடோ இருந்தது. மழை பெய்தால் காட்டுக்கு விதைக்கப் போனான். உடம்பு மில்லில் இருந்தது. மனசு காட்டைவிட்டு வரவேயில்லை.

இங்கேதான் நாவல் விஷயத்துக்கு வருகிறோம். கோவையைத் தென்னிந்திய மான்செஸ்டர் என்று சொல்லிச் சொல்லி நமக்கு அலுத்துவிட்டது. அசல் மான்செஸ்டரில் மில் புகை எழும்பிய காலத்திலேயே, 1848இல், எலிசபெத் காஸ்கெல் என்ற பாதிரியார் மனைவி "மேரி பார்ட்டன்" என்ற நாவலை எழுதி, மில் தொழிலாளியின் பசியை இங்கிலாந்தின் வரவேற்பறைகளில் கொண்டுவந்து வைத்தார். நம் மான்செஸ்டரில் மில்கள் மும்முரமாக எழும்பி முடிந்த சமயத்தில், 1942இல், வந்த நாவல் ஆர். ஷண்முகசுந்தரத்தின் "நாகம்மாள்". அதில் மில் இல்லை. புகைபோக்கி இல்லை. ஒரு சின்னக் கிராமம், ஒரு கூட்டுக் குடும்பம், ஒரு விதவை, கொஞ்சம் நிலம்.

அதனால் ஷண்முகசுந்தரம் பட்டணத்தைப் பார்க்க மறுத்துவிட்டார், கிராமத்துக்குள் ஒதுங்கிக்கொண்டார் என்று சொல்லுகிற விமரிசகர்கள் உண்டு. வட்டார மணம், மண்வாசனை என்று அதையே பாராட்டாகத் திருப்பிச் சொல்லுகிறவர்களும் உண்டு. இரண்டு கட்சியும் நாவலைச் சரியாகப் படிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். நாகம்மாள் கேட்பது என்ன? பாகம் கேட்கிறாள். புருஷன் செத்துப்போனான்; ஒரு பெண் குழந்தை இருக்கிறது; கொழுந்தன் சின்னப்பன் நல்லவன்தான், சோறு போடுகிறான். ஆனால் அவளுக்குச் சோறு போதவில்லை. தன் பங்கு என்று கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒன்று வேண்டியிருக்கிறது. கெட்டியப்பன் போன்றவர்கள் தூபம் போடுகிறார்கள். கதை கொலையில் முடிகிறது. சொத்து தனியாகப் பிரிந்து தன் காலில் நிற்க வேண்டும் என்ற இந்தத் தாகத்தைக் கிராமத்துச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியுமா? பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் மில்லாக எழும்பியது இதே தாகம்தானே? ஒரு குடும்பத்தில் அது அளவாகப் பங்கு பிரிந்து தர்மமாயிற்று; இன்னொரு குடும்பத்தில் அது வரப்பில் ரத்தமாகச் சிந்தியது. ஷண்முகசுந்தரம் கோவையை எழுதாமல் விடவில்லை. கோவை எந்தக் கிணற்றிலிருந்து இறைத்துக்கொண்டதோ அந்தக் கிணற்றை எழுதினார். அதுவும் ஒரு பெண்ணின் ஆசையை வைத்து, அவளைத் தண்டிக்கவும் இல்லாமல் மன்னிக்கவும் இல்லாமல் எழுதினார். எண்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தச் சின்ன நாவல் வாடாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

அவரைப் பின்பற்றுகிறோம் என்று நினைத்தவர்கள் செய்த காரியம் வேறு. அவர்களில் பலர் எடுத்துக்கொண்டது பேச்சை மட்டும். வரிக்கு வரி "ஏனுங்க", பக்கத்துக்குப் பக்கம் கட்டுத்தரையும் கம்மஞ்சோறும் தூவிவிட்டால் கொங்கு நாவல் ஆகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. சினிமா அந்த நம்பிக்கையை இன்னும் பெரிதாக்கிற்று. "சின்னக் கவுண்டர்" வந்த 1992ஆம் வருஷத்தை ஒட்டிய காலத்தில் பொள்ளாச்சிப் பக்கமும் கோபிச்செட்டிபாளையத்துப் பக்கமும் படம் பிடிக்காத கம்பெனி அபூர்வம். தென்னந்தோப்பு, வாய்க்கால், திண்ணையில் பெரியவர், கை கட்டி நிற்கிற ஜனங்கள். தமிழ்நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு "நல்ல கிராமம்" அங்கே தயாராயிற்று. பம்பு செய்கிற ஊர்தானே. கிராமத்தையும் செய்து அனுப்பிவைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் படங்களைப் பார்த்துக் கைதட்டியவர்களில் கோவை மில்லில் ஷிப்டு முடித்துவிட்டு வந்தவர்களும் இருந்திருப்பார்கள். தங்களைத் திரையில் காணோமே என்று அவர்கள் தேடவில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

கை கட்டி நிற்கிற ஜனங்கள் என்று சொன்னேன். பெரிய கிராமம் என்று பெருமைப்படுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். கோவையில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வி, "எந்தூருங்க நீங்க?" அடுத்தது, "அங்கே யாரு வூடுங்க?" கேட்கிற குரலில் தேன் சொட்டும். தோட்டம் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அது உபசாரம். நாலாவது வார்த்தையில் எப்படியாவது ஓர் உறவு கண்டுபிடித்துக் காபி கொடுத்துவிடுவார்கள். ஊருக்கு வெளியே தெரு இருக்கிறவனுக்கு அதே கேள்வி விசாரணை. வாடகைக்கு வீடு தேடிப் போனவன் அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பி நடக்க வேண்டியிருக்கும். மரியாதைக்கு எந்தக் குறையும் வராது; "வீடு நேத்துத்தானுங்க பேசி முடிச்சுது" என்று "ங்க" போட்டுத்தான் சொல்லுவார்கள். பட்டணம் மனிதனுக்குக் கொடுக்கிற வரங்களில் பெரியது, யாரும் உன்னை யார் என்று கேட்காமல் இருப்பது. அந்த வரத்தைக் கொடுக்கத் தயங்குகிற வரையில் ஓர் ஊர், அதில் எத்தனை லட்சம் பேர் இருந்தாலும், கிராமம்தான். பட்டணத்துக்கும் பட்டிக்காட்டுக்கும் நான் கண்ட எல்லைக்கோடு இதுதான்.

பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலில் ஆனி மாதம் நாற்று நடவுத் திருவிழா நடக்கிறது. பொருள் கேட்டு வந்த சுந்தரரிடமிருந்து ஒளிந்துகொள்ள, சிவனும் அம்மையும் பள்ளனும் பள்ளியுமாக வயலில் இறங்கி நாற்று நட்டார்கள் என்பது கதை. உழவைத் தெய்வத் தொழிலாக்கிய கதை என்று சொல்லுவது வழக்கம். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த சீமையில் கடவுள் ஒளிந்துகொள்ள ஓரிடம் தேடினார். சேற்றில் குனிந்து நிற்கிற கூலியாள் வேஷமே போதும் என்று கண்டார். அந்த ஆளின் முகத்தை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை அல்லவா?

அந்த முகத்தைப் பார்த்து எழுதியது பெருமாள்முருகனின் "கூளமாதாரி" (2000). கவுண்டர் வீட்டுப் பண்ணயத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட அருந்ததியர் சிறுவனின் கதை அது. கொங்கு நாட்டுக் காடு அதில் எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு கொடுமையாகவும் இருக்கிறது. பண்ணயத்துப் பிள்ளைக்கும் இந்தப் பிள்ளைக்கும் உள்ள சிநேகம்கூட அந்த அழகிலும் கொடுமையிலும் சேர்ந்தே வளர்கிறது. மண்வாசனை என்று மூக்கை உறிஞ்சுகிறவர்கள் இந்த நாவலைப் படித்த பிறகு கொஞ்சம் யோசித்து உறிஞ்சுவார்கள். அவருடைய முதல் நாவல் "ஏறுவெயில்" (1991) இன்னொரு பக்கத்தைக் காட்டிற்று: குடியிருப்புக் கட்ட அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொள்ளுகிறது, கையில் பணம் வருகிறது, குடும்பம் சிதறுகிறது. பட்டணம் கிராமத்துக்குள் நுழைகிற அந்தக் கணத்தை அவ்வளவு நெருங்கிப் பார்த்த நாவல் நம்மிடம் அதிகம் இல்லை. எம். கோபாலகிருஷ்ணனின் "மணல் கடிகை" (2004) திருப்பூர் பனியன் தொழிலுக்குள் ஐந்து நண்பர்களை விட்டுப் பார்க்கிறது. இவை இரண்டும் சரியான திசை. ஆனால் ஒன்று திருச்செங்கோட்டுப் பக்கம், மற்றொன்று திருப்பூர். கோவை?

கோவையில் கதை இல்லாமல் இல்லை. சின்னியம்பாளையத்தில் ரங்கவிலாஸ் மில் தொழிலாளர் நால்வர், ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன், ஒரு கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டு 1946 ஜனவரி 8ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார்கள். பெயர்களைப் பாருங்கள், கிராமத்துப் பெயர்கள். ஊரிலிருந்து மில்லுக்குப் போன இளைஞர்கள், கை கட்டாமல் நிற்கக் கற்றுக்கொண்ட முதல் தலைமுறை. தொழிற்சங்கத்தார் வருஷந்தோறும் அவர்களை நினைக்கிறார்கள். நாகம்மாள் நம் மனத்தில் உட்கார்ந்த மாதிரி அவர்களில் ஒருவரும் கதாபாத்திரமாக உட்காரவில்லை. அதேபோல் 1997 கடைசியில் நடந்த கலவரமும் 1998 பிப்ரவரி 14இல் வெடித்த குண்டுகளும் 58 பேர் சாவும். எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்த ஊரில், உக்கடத்துக்காரனும் அடுத்த தெருக்காரனும் ஒருவரை ஒருவர் அறிந்திருந்தது எவ்வளவு சொற்பம் என்பது அன்று வெளியாயிற்று. கிராமம் தன் சொந்தக்காரர்களை மட்டும்தான் அறியும். அடுத்த வீட்டு அந்நியனோடு சேர்ந்து வாழுகிற வித்தை பட்டணத்து வித்தை. அதைப் படிக்காமல் ஜனத்தொகை மட்டும் ஏறிய ஊருக்கு அந்த விலை கொடுக்க நேர்ந்தது.

இதையெல்லாம் சொல்லுவதால் கோவை சென்னையைப்போல் ஆகிவிட வேண்டும் என்று நான் சொல்லுவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு எழுதிவைக்கிற புத்தியும், குழந்தையை "வாங்க கண்ணு" என்று கூப்பிடுகிற நாக்கும் எந்தப் பட்டணத்துக்கும் அணிகலன்தான். "ங்க" போட யாரும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதைக் கேட்கிற ஒவ்வொரு காதுக்கும் அது மரியாதையாகவே போய்ச் சேருகிறதா என்று கவனிக்கிற பொறுப்பு நாவலாசிரியனுக்கு உண்டு. பேச்சைக் காதால் கேட்டு எழுதினால் மட்டும் போதாது. அதே வார்த்தை யாரிடம் எப்படி மாறுகிறது என்று பிடிக்க வேண்டும்.

இன்று அந்த வேலை இன்னும் கடினமாகியிருக்கிறது. கவலை போயிற்று, கிணறு வற்றி ஆயிரம் அடி ஆழ்துளை வந்தது. பல மில்களில் சங்கு நின்றுவிட்டது. ஓடுகிற மில்களிலும் பட்டறைகளிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர்கள் பம்பாய்க்குப் போன கொங்கணத்துக்காரனைப்போல் ஊரை விட்டு வந்தவர்கள். ஒரே அறையில் பத்துப் பேராகப் படுக்கிறவர்கள். கோவை அவர்களிடமும் "எந்தூருங்க?" என்று கேட்கிறது. பதிலாக வருகிற ஊர்ப் பெயர் அதற்குப் புரியவில்லை, "அங்கே யாரு வூடு?" என்ற இரண்டாவது கேள்வி வாயிலேயே நின்றுவிடுகிறது. இந்த ஊரில் முதல் தடவையாக ஒரு மனிதன், யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல், செய்கிற வேலையால் மட்டும் அறியப்படுகிறான். நூறு வருஷமாக மில்லும் மோட்டாரும் செய்யாத காரியத்தை அவன் செய்யத் தொடங்கியிருக்கிறான். ஷண்முகசுந்தரம் இருந்தால் நிச்சயமாக அவன் அறை வாசலில்தான் போய் உட்கார்ந்திருப்பார். இன்று எழுதுகிறவர்களில் யார் அங்கே முதலில் போய் உட்காரப் போகிறார்கள் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.